கூகுள் மேப்பில் கடை வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

"தேடினால் என் கடை வரவில்லை" என்ற ஒரே புகாருக்குப் பின்னால் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. சில நேரம் கெடுத்தும்விடும். பெயரைத் தேடினாலே வராத கடைக்கு ரிவ்யூ சேர்த்துப் பயனில்லை. ரிவ்யூ குறைவாக இருக்கும் கடையின் பெயரில் நான்கு சொற்களைக் கூடுதலாகத் திணித்தால் ப்ரொஃபைலே (மேப்பில் உங்கள் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்) சஸ்பெண்ட் ஆகலாம், அதாவது கூகுள் அதை முடக்கலாம். அதனால் முதலில் உங்கள் அறிகுறி எது என்று பாருங்கள், பிறகு அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: மேப் வரிசையில் மேலே வர கூகுளுக்குப் பணம் கட்டும் வழி கிடையாது. விளம்பரம் தனி, அது விளம்பரம் என்று காட்டும் குறியோடுதான் வரும். பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றை வைத்தே வரிசை அமைகிறது என்று கூகுளே சொல்கிறது. தூரத்தை மாற்ற முடியாது. மற்ற இரண்டில் பெரும்பகுதியை இலவசமாகவே சரிசெய்யலாம்.

## முதலில், சரியாக அளந்து பாருங்கள்

கடைக்குள் உட்கார்ந்து சொந்தக் கணக்கில் தேடினால் உங்கள் கடை மேலே வரத்தான் செய்யும். அது அளவுகோல் ஆகாது. இன்காக்னிடோவில் (பிரவுசரின் மறைநிலையில்) தேடினாலும் நீங்கள் இருக்கும் இடம் மாறுவதில்லை. தேடல் பக்கத்தின் அடிவரை இறங்கினால், கூகுள் உங்களை எந்தப் பகுதியில் இருப்பதாக நினைக்கிறது என்று காட்டும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று தேடல் சொற்களை முடிவு செய்யுங்கள்: கடையின் பெயர், தொழில் மட்டும் ("சைக்கிள் ரிப்பேர்"), தொழிலும் பகுதியும் சேர்த்து. இந்த மூன்றையும் கடை வாசலில், ஒரு கிலோமீட்டர் தள்ளி, மூன்று கிலோமீட்டர் தள்ளி என மூன்று இடங்களில் தேடிப் பார்க்க வேண்டும். நேரில் போக முடியாவிட்டால் அங்கே இருக்கும் நண்பரிடம் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். ஒன்பது விடைகளையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, இரண்டு வாரம் விட்டு, அதே ஒன்பதையும் மீண்டும் பாருங்கள். ஒரே நாளில் பத்து இடங்களில் கை வைத்தால், பலன் எதனால் வந்தது, பாதிப்பு எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

## அறிகுறி 1: கடையின் பெயரைத் தேடினாலே வரவில்லை

வெரிஃபை ஆகவில்லை, அதாவது கடை உங்களுடையதுதான் என்று கூகுள் இன்னும் உறுதி செய்யவில்லை. ப்ரொஃபைலை நிர்வகிக்கும் அதே ஜிமெயிலில் நுழைந்து கடையின் பெயரைத் தேடுங்கள். "வெரிஃபை செய்யுங்கள்" என்ற பட்டன் இருந்தால் காரணம் அதுதான். வேறு எதையும் தேட வேண்டாம். அறிகுறி 2-க்குப் போங்கள்.

சஸ்பெண்ட் ஆகியிருக்கிறது. அதே இடத்தில் அறிவிப்பு இருக்கும். அறிகுறி 3-க்குப் போங்கள்.

வேறு கணக்கில் இன்னொரு ப்ரொஃபைல் இருக்கிறது. முன்பு வேலை பார்த்தவரோ, பழைய உரிமையாளரோ, வெப்சைட் செய்து கொடுத்தவரோ தொடங்கியிருப்பார். மேப்பில் உங்கள் முகவரியையும் போன் எண்ணையும் தனித்தனியாகத் தேடுங்கள். கிடைத்தால் "இந்த வணிகத்தின் உரிமையாளரா?" என்ற இணைப்பை அழுத்தி உரிமை கேளுங்கள். இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம் உண்டு. அவர் பேசாமல் இருந்தால் நீங்களே உரிமை கோரும் வழி திறக்கலாம். உரிமை கைக்கு வந்த முதல் 7 நாட்கள் சில வசதிகள் பூட்டியே இருக்கும். அது கோளாறு இல்லை.

இரண்டு ப்ரொஃபைல்களில் பழையதில் ரிவ்யூ இருந்தால் அதை வைத்துக்கொண்டு, புதியதை மேப்பில் "திருத்தம் பரிந்துரை" வழியாக இரட்டைப் பதிவு என்று தெரிவியுங்கள். பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது, சேர்த்து வைத்த ரிவ்யூவைக் குப்பையில் போடுவதுதான்.

பெயரே பொதுச்சொல்லாக இருக்கிறது. ஒரே பெயரில் ஊரெங்கும் பத்துக் கடைகள் இருந்தால் கூகுள் அருகில் இருப்பதைக் காட்டும். பெயரோடு தெருவையும் சேர்த்துத் தேடுங்கள். வந்தால் ப்ரொஃபைல் நலமாகத்தான் இருக்கிறது.

## அறிகுறி 2: வெரிஃபிகேஷன் முடியவே மாட்டேன் என்கிறது

போன், எஸ்எம்எஸ், இமெயில், தபால், வீடியோ ஆகியவற்றில் எதைக் கேட்பது என்பதைக் கூகுள்தான் முடிவு செய்யும். தபால் அட்டை என்றால் பொதுவாக 14 நாட்களுக்குள் வரும். அதிலுள்ள எண் 30 நாள் செல்லும். அட்டை வருவதற்குள் பெயரையோ முகவரியையோ திருத்தாதீர்கள். மறுபடியும் அட்டை கேட்டால் பழைய எண் செல்லாது.

இப்போது அதிகம் கேட்கப்படுவது வீடியோ. நிராகரிக்கப்படுவதும் இதுதான் அதிகம். காரணம் பெரும்பாலும் ஒன்றே: கடையைச் சுற்றிக் காட்டிவிட்டு, அதை நடத்துவது நீங்கள்தான் என்பதைக் காட்டாமல் விடுவது. எடுக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. தெருவில் நின்று தெருப்பெயர்ப் பலகையை அல்லது பக்கத்தில் உள்ள, மேப்பில் ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தைக் காட்டுங்கள்.
2. அங்கிருந்தே நடந்து வந்து உங்கள் கடைப் பலகையை நிறுத்திக் காட்டுங்கள். பலகையில் உள்ள பெயரும் ப்ரொஃபைலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.
3. சாவியால் ஷட்டரையோ கதவையோ நீங்களே திறங்கள். இந்த ஒரு காட்சி பல நிராகரிப்புகளைத் தவிர்க்கும்.
4. உள்ளே போய் கருவிகள், சரக்கு, கல்லாப்பெட்டி, கணினியில் பில் போடும் பக்கம் போன்ற, வாடிக்கையாளர் கை படாத இடங்களைக் காட்டுங்கள்.
5. சுவரில் மாட்டிய உரிமச் சான்றிதழை எழுத்து தெரியும்படி சில விநாடி காட்டுங்கள்.

இடையில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள்; குறைந்தது 30 விநாடி. ஆட்களின் முகமோ வங்கிக் கணக்கு, அடையாள எண் போன்றவையோ வரக் கூடாது. வீட்டிலிருந்து கிளம்பிப் போய் வேலை செய்யும் பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன்றவர்களுக்குப் பலகை இருக்காது. அவர்கள் கருவிப் பெட்டி, பெயர் ஒட்டிய வண்டி, அதே பெயரில் உள்ள பில் புத்தகம் ஆகியவற்றைக் காட்டலாம்.

மூன்று முறை நிராகரிக்கப்பட்டால் நான்காவதாக அதே வீடியோவை அனுப்பாதீர்கள். உதவிப் பக்கத்திலிருந்து ஆதரவுக் குழுவுக்கு எழுதுங்கள். இதற்கு வெளியாள் தேவையில்லை. கடைக்குள் நின்று எடுக்க வேண்டியதை வெளியாள் எடுத்துத் தர முடியாது.

## அறிகுறி 3: ப்ரொஃபைல் சஸ்பெண்ட் ஆகிவிட்டது

முதல் விதி: பதற்றத்தில் இன்னொரு ப்ரொஃபைல் தொடங்காதீர்கள். அது இரண்டாவது விதிமீறல் ஆகி, முதலாவதை மீட்பதையும் கடினமாக்கும்.

மேல்முறையீடு செய்வதற்கு முன்பே தவற்றைத் திருத்துங்கள். பார்க்க வேண்டியவை: பெயரில் பலகையில் இல்லாத சொற்கள் ("சிறந்த", "24 மணி நேர", ஊர்ப்பெயர்), தபால் பெட்டி முகவரி, ஆளில்லாத விர்ச்சுவல் ஆபீஸ் முகவரி, வாடிக்கையாளர் வராத வீட்டு முகவரியை வெளியே காட்டியிருப்பது, ஒரே தொழிலுக்கு ஒரே முகவரியில் இரண்டு ப்ரொஃபைல். சேவைக்காக வெளியே போகிறவர் முகவரியை மறைத்துவிட்டு, சேவைப் பகுதிகளை மட்டும் கொடுக்க வேண்டும். அதிகபட்சம் 20 பகுதிகள் கொடுக்கலாம். எல்லாம் சேர்ந்து இருப்பிடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும்.

பிறகு ஆவணங்களை ஒரே ஃபோல்டரில் சேருங்கள்: தொழில் பதிவு அல்லது உரிமம், வரிச் சான்று, அந்த முகவரிக்கு வந்த மின்சார அல்லது தண்ணீர் பில், பலகையோடு கடை முகப்புப் படம். எல்லாவற்றிலும் பெயரும் முகவரியும் ஒத்துப்போக வேண்டும். இவை கையில் இருக்கும்போது மட்டும் மேல்முறையீட்டைத் தொடங்குங்கள். ஏனென்றால் விண்ணப்பத்தை அனுப்பிய பின் ஆதாரம் இணைக்கக் கிடைப்பது 60 நிமிடம்தான். பில்லைத் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கும்போது அந்த நேரம் கடந்துபோனால், ஆதாரமே இல்லாத மனுவாக அது போய்ச் சேரும்.

ஆளை அழைக்க வேண்டிய இடம் இதுதான்: எல்லாம் திருத்தி, ஆவணமும் கொடுத்த பிறகு மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டால், சஸ்பென்ஷன் வேலையையே தனியாகச் செய்யும் ஒருவரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 4: பெயருக்கு வருகிறது, தொழிலுக்கு வரவில்லை

அதிகமாக வரும் கோளாறு இது. பணம் வீணாவதும் இங்கேதான் அதிகம்.

முதன்மை கேட்டகரி (ப்ரொஃபைலில் தேர்ந்தெடுக்கும் தொழில் வகை) தவறு. ப்ரொஃபைலில் இதைவிடக் கனமான கட்டம் வேறில்லை. பல் மருத்துவமனையை "மருத்துவமனை" என்று போட்டிருந்தால் "பல் மருத்துவர்" தேடலில் பின்னால்தான் நிற்கும். சோதனை எளிது: உங்கள் தொழிலைத் தேடி, மேலே வரும் மூன்று கடைகளைத் திறந்து, பெயருக்குக் கீழே சாம்பல் நிறத்தில் இருக்கும் கேட்டகரியைப் பாருங்கள். மூன்றும் ஒரே கேட்டகரியாக இருந்து உங்களுடையது வேறாக இருந்தால், காரணம் கிடைத்துவிட்டது. முதன்மை ஒன்று, கூடுதலாக 9 வரை வைக்கலாம். ஆனால் செய்யாத வேலையைச் சேர்க்காதீர்கள். முதன்மையை மாற்றினால் சில நேரம் மறுபடியும் வெரிஃபிகேஷன் கேட்கும். ஆகவே விற்பனை சூடுபிடிக்கும் வாரத்தில் இதைத் தொடாதீர்கள்.

சேவைகள் பட்டியல் காலி. ஒவ்வொரு சேவையையும் வாடிக்கையாளர் கேட்கும் சொல்லிலேயே எழுதுங்கள். "பிரேக் மாற்றுதல்", "பஞ்சர்", "செயின் மாற்றுதல்" எனத் தனித்தனியாக. அறிமுகப் பத்திக்கு 750 எழுத்து இடம் இருக்கிறது. அதை வாசிக்கும் மனிதருக்காக எழுதுங்கள். அதில் தேடல் சொற்களை அடுக்கினால் வரிசை உயராது.

தூரம். உங்கள் தாளில் கடை வாசலில் முதலிடம், மூன்று கிலோமீட்டரில் காணவில்லை என்று இருந்தால், பெரும்பாலும் கோளாறே இல்லை. இடையில் அதே தொழிலில் ஐந்து கடைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். சேவைப் பகுதியில் அந்த ஊரைச் சேர்த்ததால் அங்கே மேலே வந்துவிட முடியாது. அந்தத் தூரத்து ஆட்களைப் பிடிக்க வழி மேப் அல்ல, வெப்சைட்: அந்தப் பகுதியில் செய்த வேலையைப் படங்களோடு விவரிக்கும் உண்மையான ஒரு பக்கம். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி முப்பது பக்கம் நகலெடுத்தால் அது ஸ்பாம்.

ஒரே கட்டடத்தில் அதே தொழில். மேப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். தள்ளி நின்று பார்க்கும்போது காணாமல் போய், நெருங்கும்போது தோன்றினால், பக்கத்திலுள்ள வலுவான ப்ரொஃபைல் உங்களை மறைக்கிறது. இதற்குக் குறுக்குவழி இல்லை. உங்கள் முக்கிய வேலைக்குச் சரியாகப் பொருந்தும், இன்னும் குறிப்பான கேட்டகரி இருக்கிறதா என்று பாருங்கள்; ரிவ்யூவில் அவரை எட்டிப் பிடியுங்கள்.

ரிவ்யூ குறைவு. மேலே உள்ள மூவரின் எண்ணிக்கையையும், கடைசி ரிவ்யூ வந்த தேதியையும் பாருங்கள். அவர்களுக்குப் போன வாரம் வந்திருக்கிறது, உங்களுக்குப் போன வருடம் என்றால், எண்ணிக்கையைவிட அந்த இடைவெளியைத்தான் முதலில் நிரப்ப வேண்டும். ப்ரொஃபைலில் "ரிவ்யூ கேட்க" என்ற இடத்தில் இணைப்பும் க்யூஆர் குறியீடும் கிடைக்கும். அதை அச்சிட்டு, பில் கொடுக்கும் கைக்குப் பக்கத்தில் வையுங்கள். வாசலில் ஒட்டினால் யாரும் நின்று எழுத மாட்டார்கள். வேலை முடிந்து வாடிக்கையாளர் திருப்தியோடு பேசும் அந்த நிமிடத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். தள்ளுபடியோ பரிசோ கொடுத்துக் கேட்பதும், மகிழ்ச்சியாக இருப்பவர்களை மட்டும் வடிகட்டிக் கேட்பதும் விதிமீறல்.

செலவு வைக்கும் காரணம்: வெப்சைட் வலுவில்லை. இலவச வேலை எல்லாம் முடிந்து மூன்று மாதம் ஆன பின்னரே இதற்குப் பணம் ஒதுக்குங்கள். அறிகுறி 8 பாருங்கள்.

## அறிகுறி 5: நேற்று வரை வந்தது, திடீரென்று இறங்கிவிட்டது

முதலில் நேரம் பாருங்கள். கடை மூடியிருக்கும் நேரத்தில் தேடினால் திறந்திருக்கும் கடைகள் மேலே போகும். அதனால் இரவு பத்து மணிக்குத் தேடிவிட்டுக் கவலைப்பட வேண்டாம். இதைக் கேள்விப்பட்டு 24 மணி நேரமும் திறந்திருப்பதாகப் போடுகிறவர்கள் உண்டு. நள்ளிரவில் வந்து பூட்டைப் பார்க்கும் வாடிக்கையாளர் எழுதும் ஒற்றை ஸ்டார், கிடைத்த லாபத்தைவிடப் பெரிய நஷ்டம்.

அடுத்து, யாரோ திருத்தியிருக்கிறார்களா. மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம். கூகுள் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்யும். பெயர், கேட்டகரி, போன், நேரம், "நிரந்தரமாக மூடப்பட்டது" ஆகிய ஐந்தையும் வாரம் ஒரு முறை பாருங்கள். இரண்டு நிமிட வேலை. மாற்றியிருந்தால் திருத்துங்கள், நீங்கள் செய்யும் திருத்தம் பொதுவாகச் சில நிமிடங்களில் வந்துவிடும், சில நேரம் 30 நாள் வரைகூடப் பரிசீலனையில் இருக்கலாம்.

பிறகு வெப்சைட் உயிரோடு இருக்கிறதா. டொமைனை (வெப்சைட்டின் முகவரிப் பெயரை) புதுப்பிக்க மறந்தது, பக்கத்தின் முகவரி மாறியது, ப்ரொஃபைலில் உள்ள இணைப்பு பிழைப் பக்கத்துக்குப் போவது. கூகுள் இலவசமாகக் கொடுத்த பிசினஸ்.சைட் வெப்சைட்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. இன்னும் பில்லிலும் விசிட்டிங் கார்டிலும் அந்த முகவரி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சரிவு இருந்தால் மூன்று வாரம் எதையும் தொடாமல் இருங்கள். கூகுள் தன் கணக்கீட்டை மாற்றும் காலங்களில் வரிசை ஆடி, பிறகு நிலைக்கும். ஆடும்போது நாமும் மாற்றிக்கொண்டிருந்தால் எதனால் எது என்றே தெரியாமல் போகும்.

## அறிகுறி 6: தெரிகிறது, ஆனால் யாரும் அழைப்பதில்லை

ப்ரொஃபைலில் "செயல்திறன்" பகுதியைத் திறங்கள். எந்தச் சொல்லுக்குக் கடை காட்டப்பட்டது என்ற பட்டியல் அங்கே இருக்கும். சொற்கள் உங்கள் தொழிலுக்குத் தொடர்பில்லாதவை என்றால் கோளாறு கேட்டகரியில், அறிகுறி 4. சொற்கள் சரி, அழைப்பு மட்டும் இல்லை என்றால் கோளாறு முகப்பில்.

போன் எண்ணை வேறு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பழைய எண், ஒரு இலக்கம் மாறிய எண், யாரும் எடுக்காத லேண்ட்லைன் எல்லாமே வழக்கமாகக் காணப்படுபவை. பிறகு படங்கள்: முகப்பு, உள்ளே, வேலை நடக்கும்போது, முடிந்த வேலை என ஒவ்வொன்றிலும் மூன்று. 720-க்கு 720 பிக்சலாவது இருக்கட்டும். கோப்பு 10 கேபிக்கும் 5 எம்பிக்கும் இடையில். இணையத்தில் எடுத்த அலங்காரப் படம் வேண்டாம். வருகிறவர் தெருவில் நின்று அடையாளம் காணப்போவது உங்கள் முகப்பைத்தான்.

கடைசியாக, பதில் சொல்லாத மோசமான ரிவ்யூ மேலே தொங்குகிறதா என்று பாருங்கள். மூன்று வரியில், சண்டை இல்லாமல், என்ன செய்து தருவீர்கள் என்று பதில் எழுதுங்கள். அதைப் படிக்கப்போவது எழுதியவர் மட்டுமல்ல, அடுத்து அழைக்கலாமா என்று யோசிப்பவர்.

## அறிகுறி 7: ரிவ்யூ மறைகிறது, அல்லது பொய் ரிவ்யூ வருகிறது

எழுதியவரே தன் போனில் பார்த்தால் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்றால் ஃபில்டரில் சிக்கியிருக்கிறது. சில நாள் பொறுங்கள். ஒரே நாளில் இருபது பேரிடம் எழுதச் சொன்னது, ஊழியரும் உறவினரும் எழுதியது, ரிவ்யூவுக்குள் போன் எண்ணோ இணைப்போ இருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். நாளுக்கு ஒன்றிரண்டாக வருவதே நல்லது.

பொய் ரிவ்யூவை "புகார்" செய்யும்போது விதிக்கு ஏற்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது காரணம் ஆகாது. ரிவ்யூ நிர்வாகக் கருவியில் முடிவைப் பார்க்கலாம். மறுத்தால் மேல்முறையீடு ஒரே ஒரு தடவைதான், அதனால் ஆதாரத்தோடு எழுதுங்கள். பணம் கேட்டு மிரட்டும் ரிவ்யூ என்றால் பணம் கொடுக்காமல், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு கூகுளிடமும் காவல்துறையிடமும் புகார் செய்யுங்கள்.

## அறிகுறி 8: மேப்பில் இருக்கிறது, வெப்சைட் தேடலில் இல்லை

தேடல் பெட்டியில் "சைட்" என்பதை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனைப் போடுங்கள். ஒரு பக்கமும் வரவில்லையா? தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்தது என்றால் செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தளத்தைக் கட்டும்போது டிக் செய்துவிட்டு எடுக்க மறப்பது சாதாரணம். பிறகு சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவசக் கருவியில் தளத்தைச் சேர்த்து, முகப்புப் பக்கத்தைச் சோதித்து, பட்டியலிடக் கோருங்கள்.

பக்கங்கள் வருகின்றன, ஆனால் பின்னால் இருக்கின்றனவா? கடையின் பெயர், முகவரி, போன் ஆகியவை படத்தில் இல்லாமல் எழுத்தாக, ப்ரொஃபைலில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு சேவைக்கும் தனிப் பக்கம் வையுங்கள். போனில் வேகத்தைப் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற கூகுள் கருவியில் சோதியுங்கள். முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். மெதுவாக இருந்தால் முதல் குற்றவாளி சுருக்காமல் ஏற்றிய கேமரா படங்கள். அதை நீங்களே சரிசெய்யலாம். அதற்குப் பிறகும் மெதுவாக இருந்தால் தீம் (தளத்தின் வடிவமைப்பு) அல்லது ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சேவை) மாற்ற வேண்டும். இங்கே வெப்சைட் தெரிந்தவரை அழையுங்கள்.

## ஆளை வைக்கும்போது

கூகுளில் முதலிடம் உத்தரவாதம் என்பவரையும், கூகுளிலிருந்து பேசுவதாகச் சொல்லி ப்ரொஃபைலுக்குப் பணம் கேட்பவரையும் அங்கேயே விட்டுவிடுங்கள். ப்ரொஃபைல் இலவசம். நல்லவரிடம் உங்கள் ஒன்பது விடைத் தாளைக் காட்டினால், முதல் பேச்சிலேயே எந்தக் கட்டத்தில் கோளாறு, எதை முதலில் மாற்றுவார், எதை அவரால் மாற்ற முடியாது என்று சொல்வார். எத்தனை "பேக்லிங்க்" (மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) போடுவார் என்று மட்டும் பேசுகிறவர் உங்கள் ப்ரொஃபைலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ப்ரொஃபைல் செட்டிங்ஸில் அவருடைய இமெயிலை "மேலாளர்" என்று சேருங்கள்; "உரிமையாளர்" இடத்தில் நீங்கள் மட்டும் இருங்கள். டொமைனும் உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் பதிவாகியிருக்க வேண்டும். வேலை முடிந்த அன்றே மேலாளர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டு, பெயர், கேட்டகரி, போன், நேரம், இணைப்பு ஐந்தையும் ஒரு முறை நீங்களே திறந்து பாருங்கள்.